பக்கத்துத் தோட்டத்தில் என்ன விதைத்தார்கள் என்று கேட்காமல் நான் போட்ட ஸ்வீட் கார்ன்

வீட்டை ஒட்டிக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, ஸ்வீட் கார்ன், அதாவது இனிப்பு மக்காச்சோளம், போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2024 கோடையில் நான் இறங்கியபோது எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. ஆள் இல்லை என்பதைவிட, நான் யாரிடமும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. நாலு மாத உழைப்பும் பத்தொன்பதாயிரம் ரூபாயும் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். கேட்டிருந்தால் ஒரு சாயங்காலத்தில் தெரிந்திருக்கும்.

எங்கள் தோட்டம் உடுமலைப்பேட்டைக்குப் பக்கம். தென்னை ஒரு ஏக்கர், வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர். அந்த அரை ஏக்கரில் அப்பா தக்காளி, சின்ன வெங்காயம் என்று மாற்றி மாற்றி ஏதாவது வைத்துக்கொண்டிருந்தார். 2022இல் அவர் இறந்துபோனார். அப்புறம் தென்னைக்குத் தண்ணீர் விடுவதோடு சரி, பின்பக்க நிலம் அருகும் கோரையுமாகக் கிடந்தது. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆர்டர் குறைந்து எங்கள் பிரிவை மூடினார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக மனைவி அங்கேயே இருக்க, நான் மட்டும் பையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்துவிட்டேன். நாற்பத்து மூன்று வயதில் வேலை இல்லாமல் ஊருக்கு வருவது லேசான விஷயம் இல்லை. தெருவில் போகிறவர்கள் "எப்ப வந்தீங்க?" என்று கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும்.

அப்பாவின் டிராக்டர் சாளையில் தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. 35 எச்.பி. வண்டி, இருபது வருஷம் ஓடியது. சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்திருக்கிறேன், கல்லூரி விடுமுறையில் ஓட்டவும் செய்திருக்கிறேன். பேட்டரி மாற்றி, ஆயில் மாற்றி, டீசல் வடிகட்டியை மாற்றி, காற்று இழுத்திருந்த டீசல் குழாயைச் சரிசெய்து, சாவியைத் திருப்பினேன். மூன்றாவது தடவை கறுப்புப் புகை கக்கிக்கொண்டு வண்டி பிடித்தது. அடுப்படியில் இருந்த அம்மா அந்தச் சத்தம் கேட்டு வெளியே வந்து, படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று ராத்திரி பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று அப்பா அடிக்கடி சொல்வார். அது மனசில் இருந்ததால் ஏப்ரல் கடைசியில், வட்டத் தகடுகள் சுழன்று மண்ணைப் புரட்டும் சட்டிக் கலப்பையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து எட்டரைக்கு நிறுத்திவிடுவேன். அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். கிழக்கே வெளுக்கும்போது மண் வாசனை எழும்பும். பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் ஒரு கூட்டம் நடந்து வரும், மைனா வரும், வேலிக் கம்பத்தில் ரெட்டைவால் குருவி உட்கார்ந்து பறக்கிற பூச்சியைப் பிடிக்கும். புரண்ட மண்ணில் பழுப்பு நிறத்தில் கூண்டுப்புழு ஒவ்வொன்றாய்க் கிடக்கும், கொக்கு அதைக் கொத்தி எடுத்துக்கொண்டு போகும். சால் நேராக விழுந்தால் மனசும் நேராகிவிடுகிற மாதிரி இருக்கும். நான் ஊருக்கு வந்த துக்கம் எல்லாம் அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது கிட்ட வராது.

அந்த சந்தோஷத்தில்தான் முதல் தப்பு நடந்தது. அந்த வருஷம் வெயில் எப்படி என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், ஈரோட்டில் 42 டிகிரியைத் தாண்டியது. ஏப்ரலில் எங்களுக்கு ஒரு சொட்டு மழை இல்லை. ஓரத்தில் தென்னையின் ஈரம் இருந்த வரை சட்டி இறங்கியது, நடுவில் மண் காய்ந்து கல்லாகக் கிடந்தது, மேலாகக் கீறிக்கொண்டு போனது. நான் என்ன செய்தேன், கலப்பை மேல் இரண்டு மண் மூட்டையைக் கட்டி அழுத்தம் கொடுத்து ஓட்டினேன். கிணற்று மேட்டுப் பக்கம் ஒரு பாறையில் சட்டி மோதியது. சட்டத்தில் விரிசல், பேரிங் போய்விட்டது. வெல்டிங், பேரிங், ஆள் கூலி எல்லாம் சேர்ந்து 6,800 ரூபாய். கோடை உழவு என்றால் வறண்ட மண்ணை உடைப்பது இல்லை, கோடை மழை ஒன்று விழுந்த பிறகு பதம் பார்த்து ஓட்டுவது. மழை வரவில்லை என்றால் காத்திருங்கள், அல்லது தண்ணீர் இருந்தால் ஒரு தடவை பாய்ச்சி நாலைந்து நாள் விட்டு ஓட்டுங்கள். கல் இருக்கும் இடம் தெரிந்தால் முதல் நாளே ஒரு குச்சி நட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பணத்தைவிட முக்கியமானது. பாறையில் மோதிய அந்த நேரம் வண்டியின் பின்சக்கரத்துக்கும் கிணற்று விளிம்புக்கும் ஆறடி கூட இல்லை. ஒரு நொடி முன்பக்கம் தூக்கியது. இறங்கி நின்று கை நடுங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை, போன் வீட்டில் இருந்தது. இப்போது கிணற்றுக்கும் வரப்புக்கும் பதினைந்தடி தள்ளி ஒரு கயிறு கட்டி, அதற்கு உள்ளே கடப்பாரையும் மண்வெட்டியும்தான். தனியாக உழவு ஓட்டுகிறவர்கள் போனைச் சட்டைப் பையில் வையுங்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். களத்தில் தனித்தனியாக மிதிக்கும் இரண்டு பிரேக்கையும் ரோட்டுக்கு ஏறும்போது சேர்த்துப் பூட்டிவிடுங்கள். வெறும் லுங்கியோடு, தோளில் துண்டோடு, சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் பக்கம் போகவே கூடாது. இன்ஜின் விசையைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாப்ட் சுற்றும்போது துணி ஒரு முனை மாட்டினால் ஆளை இழுத்துவிடும். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகுதான் கலப்பையில் சிக்கிய புல்லைக் கையால் எடுப்பது. கோடையில் புழுதி அதிகம் என்பதால் பழைய வண்டிகளில் காற்று வடிகட்டிக் கிண்ணத்தில் இருக்கும் ஆயிலைத் தினமும் பாருங்கள். எனக்கு மூன்று நாளிலேயே சேறாகிவிட்டது. ரேடியேட்டர் முன்னால் இருக்கும் வலையில் உமியும் புல்லும் அடைத்து வண்டி சூடானதும் நடந்தது.

மே மூன்றாவது வாரம் நல்ல மழை பிடித்தது. இத்தனை நாள் காத்திருந்த ஆத்திரத்தில் மழை நின்ற மறுநாளே இறங்கிவிட்டேன். எங்கள் மண் செம்மண்ணும் கரிசலும் கலந்தது. சக்கரத்தில் அப்பிக்கொண்டு வந்தது, புரண்ட மண் பச்சைச் செங்கல் மாதிரி பளபளவென்று கிடந்தது. ஒரு வாரத்தில் அது காய்ந்து தேங்காய் அளவுக் கட்டிகளாகிவிட்டது. மண்ணைக் கையில் எடுத்து உருண்டை பிடித்து இடுப்பு உயரத்தில் இருந்து கீழே போட வேண்டும், உதிர்ந்தால் ஓட்டலாம், அப்பிக்கொண்டு தட்டையாக விழுந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். அப்பா இதைச் செய்வதை நூறு தடவை பார்த்திருக்கிறேன், எதற்கு என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கட்டியை உடைக்க ரோட்டவேட்டரை வாடகைக்கு எடுத்து வந்து ஓட்டினேன். அது அடுத்த தப்பு. அருகையும் கோரையையும் அது துண்டு துண்டாக நறுக்கி நிலம் முழுக்க நட்டுவிட்டது. நாலு மூலையில் இருந்த கோரை ஜூலையில் எல்லா இடத்திலும் முளைத்தது. அருகு, கோரை இருக்கும் நிலத்தில் ரோட்டவேட்டரைக் கொண்டுபோகாதீர்கள். சட்டியில் புரட்டி வேரையும் கிழங்கையும் வெயிலில் காயவிட்டு, கொத்துக் கலப்பையில் இழுத்து வெளியே பொறுக்கிப் போடுவதுதான் வழி. சொந்த வண்டி இல்லாதவர்கள் வேளாண் பொறியியல் துறையின் வாடகை வண்டிக்கு உழவன் செயலியில் பதிவு செய்யலாம். கோடை மழைக்கு அப்புறம் எல்லாரும் கேட்பார்கள், முன்கூட்டியே பதிந்து வையுங்கள்.

சரி, விதைக்கு வருவோம். ஏன் ஸ்வீட் கார்ன் என்றால், திருப்பூரில் சாயங்காலம் என் பிள்ளைகள் கப்பில் வாங்கிச் சாப்பிடுவார்கள், ஒரு கப் நாற்பது ரூபாய். நம் நிலத்தில் விளைந்ததை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும், மிச்சத்தை விற்க வேண்டும் என்பதுதான் ஆசை. எழுபத்தைந்து எண்பது நாளில் வந்துவிடும், கதிரை ஒடித்த பிறகும் தட்டு, அதாவது மிச்சச் செடி, பச்சையாக இருக்கும், மாட்டுக்குக் கொடுக்கலாம். கணக்கு எழுதுகிறவன் என்பதால் வரவு செலவு எல்லாம் முன்கூட்டியே போட்டு வைத்தேன். 8,500 செடிக்கு 8,500 கதிர், கால் கிலோ வீதம் இரண்டு டன்னுக்கு மேல், கிலோ 14 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வியாபாரி வாயால் சொல்லியிருந்தார். முப்பதாயிரம் ரூபாய் வரும் என்று நோட்டில் கோடு போட்டு அடியில் எழுதியும் விட்டேன்.

விதைக் கடையில் கிலோ 2,800 ரூபாய். பொட்டலத்தைப் பிரித்தபோது ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றியது. ரோஸ் நிற மருந்து தடவிய விதைகள், ஒவ்வொன்றும் சுருங்கி, சப்பையாக, பூச்சி தின்ற மாதிரி இருந்தது. ஸ்வீட் கார்ன் விதை அப்படித்தான் இருக்கும். தீவன மக்காச்சோளத்தில் சர்க்கரை மாவாக மாறி மணி கொழுகொழுவென்று நிற்கும். இதில் அந்த மாற்றம் தடைபடுகிறது, சர்க்கரை சர்க்கரையாகவே தங்குகிறது, காய்ந்ததும் மணி சுருங்கிவிடுகிறது. 1950களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாஃப்னன் என்பவர் இந்தச் சுருங்கின மணியைக் கடித்துப் பார்த்து, இவ்வளவு இனிக்கிறதே, சாப்பிடும் சோளமாக்கலாமே என்று சொன்னார். இப்போது சந்தையில் இருக்கும் அதிக இனிப்பு ரகங்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. இதை எல்லாம் நான் படித்தது அறுவடைக்கு அப்புறம். மாவு குறைவு என்பதால் இந்த விதைக்கு முளைக்கிற தெம்பும் குறைவு. நான் தீவனச் சோளத்துக்கு ஊன்றுகிற மாதிரி இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றினேன். ஒரு அங்குலம் போதும், கட்டி இல்லாத மண் வேண்டும், முளைக்கும் வரை ஈரம் காயக்கூடாது. என்னுடையதில் நூற்றுக்கு அறுபதுதான் வெளியே வந்தது.

வெளியே வந்ததையும் மயில் விடவில்லை. எங்கள் பக்கத்தில் காலை நேரத்தில் இருபது முப்பது மயில் ஒன்றாக இறங்கும். முளையைப் பிடித்து இழுத்து அடியில் இருக்கும் விதையைத் தின்றுவிட்டு, செடியை வரிசையாகப் போட்டுவிட்டுப் போகும். அதைத் துன்புறுத்தக் கூடாது, சட்டப்படியும் குற்றம். பத்து நாள் அம்மாவும் நானும் முறைவைத்துத் தகரம் தட்டினோம். விட்டுப்போன இடத்தில் இன்னும் அரைக் கிலோ விதை வாங்கி ஊன்றினேன். அது பத்து நாள் பின்தங்கிய செடி, மற்றது பூத்து முடிந்த பிறகு பூத்தது, அதில் பாதிக் கதிர் பல் விழுந்த வாய் மாதிரி மணி பிடிக்காமல் நின்றது. இடம் விட்டுப்போனால் பாத்தி முழுக்க ஒரே நாளில் திரும்ப ஊன்றுங்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் தட்டைப்பயறு போட்டுவிடுங்கள். நாற்றுத் தட்டில் பத்துப் பன்னிரண்டு நாள் வளர்த்து நடுகிறவர்களும் இருக்கிறார்கள். கொஞ்ச நிலத்துக்கு அதுதான் நல்லது என்று இப்போது நினைக்கிறேன், மயிலுக்கு அடியில் விதை கிடைக்காது.

ஜூலையில் படைப்புழு வந்தது. 2018இல் கர்நாடகத்தில் முதலில் பார்த்து, அந்த வருஷமே தமிழ்நாட்டுக்குள்ளும் வந்து மக்காச்சோளக்காரர்களை அழவைத்த அதே அமெரிக்கன் படைப்புழு. குருத்தில் மரத்தூள் மாதிரி கழிவு கிடந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். தலையில் தலைகீழான ஆங்கில ஒய் எழுத்து, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகக் குனிந்து குருத்தைப் பிரித்துப் புழுவை எடுத்து சோப்புத் தண்ணீரில் போட்டேன். ஒரு ராத்திரி நானூறு எண்ணினேன். முதுகு நிமிர்த்த முடியாமல் வரப்பில் உட்கார்ந்து, திருப்பூருக்கே திரும்பிப் போய்விடலாமா என்று அழுததும் அந்த ராத்திரிதான். இரண்டு தடவை மருந்தும் அடித்தேன். இந்தப் புழு மண்ணுக்குள் ஓரிரு அங்குல ஆழத்தில்தான் கூண்டாகும், அதனால்தான் நல்ல கோடை உழவு அதைக் குறைத்துவிடும். கடைசி உழவில் ஏக்கருக்கு நூறு கிலோ வேப்பம் புண்ணாக்கு போடுவது, ஓரத்தில் தட்டைப்பயறோ எள்ளோ விதைப்பது, முளைத்த உடனே ஆண் அந்துப்பூச்சியை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, பதினைந்தாம் நாளில் இருந்து ஒரு நாளும் விடாமல் குருத்தைப் பார்ப்பது, இவ்வளவையும் செய்தால் கட்டுப்படுத்த முடியும். மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் இலை மேல் தூவாமல் குருத்துக்குள் விழும்படி அடியுங்கள். பச்சையாகக் கடிக்கிற கதிர் இது, கதிர் நுனியில் பட்டு நூல் விட்ட பிறகு நான் எதுவும் அடிப்பதில்லை.

இத்தனையும் தாண்டி ஆடி பதினெட்டு அன்று பட்டு நூல் வெளியே வந்தது. இளம் பச்சையில், ஈரமாக, காற்றில் ஆடிக்கொண்டு. அம்மா வாய்க்காலுக்குப் போகும் வழியில் நின்று தொட்டுப் பார்த்தார். பட்ட பாடெல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். ஆடிக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று அது, உடுமலை முழுக்கக் காற்றாலை நிற்பதே அதை நம்பித்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவு பகல் நிற்காது. என் நிலத்துக்கு நேர் மேற்கே, ஒரு வேலி தாண்டி, பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மூன்று ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருந்தார். கோழித் தீவனத்துக்குப் போகிற சாதா சோளம். அதன் தலையில் ஆண் பூ விரிந்து மஞ்சளாகத் தூள் பறந்துகொண்டிருந்தது. காலையில் என் சட்டையில்கூட அது படிந்திருக்கும். தட்டி விட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 24 அன்று முதல் கதிரை ஒடித்தேன். பட்டு காய்ந்து கறுத்திருந்தது, நகத்தால் குத்தினால் பால் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அம்மா வேகவைத்து எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று எடுத்துவந்தார். கடித்தேன். ஒரு மணி தேன், அடுத்த மணி மாவு. பக்கத்து மணி சவசவ என்று பல்லில் ஒட்டியது. அம்மா ஒன்றும் சொல்லாமல் மெதுவாக முழுக் கதிரையும் சாப்பிட்டு முடித்தார். "நல்லாத்தான் இருக்குது கண்ணு" என்றார். அந்த வார்த்தையைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் வியாபாரி வந்து ஐந்தாறு கதிரை உரித்துக் கடித்துப் பார்த்தார், வெளிர் மஞ்சளுக்கு நடுவே அடர் மஞ்சளாக இருந்த மணிகளைக் காட்டினார். "இது கலந்துருச்சுங்க" என்றார். பார்வைக்குத் தேறின 900 கிலோவை மட்டும் கிலோ 6 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அந்த விலையே அதிகம்.

விதைக் கடைக்காரர் கலப்பட விதை கொடுத்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன், இரண்டு நாள் அந்தக் கோபத்திலேயே இருந்தேன். விதையில் ஒரு குறையும் இல்லை. மக்காச்சோளத்தில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு பட்டு நூல், அந்த நூலில் எந்த மகரந்தம் விழுகிறதோ அது அந்த மணியின் சுவையை அப்போதே தீர்மானித்துவிடும். மாம்பழத்திலோ தக்காளியிலோ இப்படி நடக்காது, அங்கே அடுத்த தலைமுறை விதையில்தான் கலப்பு தெரியும். சோளத்தில் நாம் சாப்பிடுவதே அந்த விதையை. இனிப்புக் குணம் அம்மா அப்பா இரண்டு பக்கமும் இருந்து வந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பக்கம் சாதா சோளத்தின் மகரந்தம் விழுந்தால் அந்த மணி சாதா மணிதான். உங்கள் கதிர் கலந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. நாலு கதிரைச் செடியிலேயே முற்றவிட்டு வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். இனிப்பு மணி சுருங்கிச் சப்பையாகிவிடும், கலந்த மணி உருண்டு நிற்கும். நான் எண்ணினேன். வேலி ஓரத்து வரிசையில் பாதிக்கு மேல் உருண்டை. கிழக்குக் கோடியில் நூற்றுக்கு இருபது.

அன்று சாயங்காலம் அந்த அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "ஏந்தம்பி, ஜூன்ல நான் என்ன போடறீங்கன்னு கேட்டப்ப சோளம்னுதானே சொன்னீங்க? ஸ்வீட் கார்னுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பதினஞ்சு நாள் தள்ளிப் போட்டிருப்பேனே, இல்லாட்டி உங்களையாவது தள்ளிப் போடச் சொல்லியிருப்பேனே" என்றார். நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். வேலை போய் ஊருக்கு வந்தவன், ஸ்வீட் கார்ன் போடுகிறேன் என்றால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டு, "சோளம்தானுங்க அண்ணா" என்று முடித்துக்கொண்டேன். அவர் விதைத்தது ஜூன் 5, நான் ஜூன் 16. அவருடையது பூக்க ஐம்பத்து மூன்று நாள், என்னுடையது பட்டு விட நாற்பத்தெட்டு நாள். பதினோரு நாள் முன்பின்னாக விதைத்து, ஒரே வாரத்தில் பூக்க வைத்துவிட்டோம்.

அதனால் விதைப்பு நாளைப் பார்க்காதீர்கள், பூக்கும் நாளைக் கணக்குப் போடுங்கள். இடைவெளி விட முடிந்தால் சாதா மக்காச்சோளத்தில் இருந்து 250 மீட்டர் தள்ளிப் போடுங்கள். எங்களைப் போன்ற சின்ன நிலத்தில் அது நடக்காது, அப்போது இரண்டும் பூப்பதற்கு நடுவே இரண்டு வாரமாவது, முடிந்தால் மூன்று வாரம் வருகிற மாதிரி பாருங்கள். ஸ்வீட் கார்ன் சீக்கிரம் பூப்பதால், பக்கத்தில் சோளம் ஊன்றுவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே நீங்கள் ஊன்றிவிட்டால் போதும். பின்னால் ஊன்றுவதென்றால் மூன்று வாரத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது, அந்தப் பக்கம் யார் தோட்டம் என்று பாருங்கள். நீளமாக இரண்டு மூன்று வரிசை போடாமல் சதுரமாகப் போடுங்கள், அப்போதுதான் உங்கள் செடியின் மகரந்தம் உங்கள் செடிக்கே கிடைக்கும். காற்றுக் காலத்தில் இருபத்தைந்தாம் நாள் மண் அணைக்காவிட்டால் செடி சாய்ந்துவிடும். பழனிக்குப் பக்கத்தில் வாகரையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, எங்கள் வீட்டில் இருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். விதை வாங்கும் முன் ஒரு எட்டு போய்க் கேட்டிருக்கலாம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். விதை 5,600, புண்ணாக்கும் உரமும் 4,200, மருந்து 2,300, களையெடுப்பு, மண் அணைப்பு, அறுவடைக் கூலி 7,500, டீசலும் ரோட்டவேட்டர் வாடகையும் 4,000. மொத்தம் 23,600. வியாபாரி கொடுத்தது 5,400, அக்கம்பக்கத்தில் விற்றது 1,600, மிச்சத்தைக் கதிரோடு தட்டாக ஒரு பால் மாட்டுக்காரர் எடுத்துக்கொண்டதில் 4,500. கையைக் கடித்தது 12,100, கலப்பை பழுதோடு 18,900. வேலை இல்லாத வீட்டில் அது பெரிய தொகை. மனைவியிடம் போனில் சொல்ல ஒரு வாரம் ஆனது.

2025 பிப்ரவரியில் திரும்பப் போட்டேன். இந்தத் தடவை அரை ஏக்கர் இல்லை, இருபது சென்ட். அதையும் ஐந்து ஐந்து சென்டாகப் பிரித்து, பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை ஊன்றினேன். எல்லாக் கதிரும் ஒரே வாரத்தில் முற்றினால் வியாபாரி சொன்னதுதான் விலை, பிரித்துப் போட்டால் வீட்டு வாசலிலேயே விற்றுவிடலாம் என்று நினைத்தேன், அப்படியே நடந்தது. அண்ணன் ஜனவரியிலேயே அறுத்துவிட்டிருந்தார், சுற்றிலும் அரைக் கிலோமீட்டருக்குப் பூக்கிற சோளம் இல்லை என்று சைக்கிளில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் விதையைப் பிரித்தேன். பட்டு வந்த இருபதாம் நாள், விடிவதற்குள் ஒடித்து, ஈரச் சாக்கில் நிழலில் வைத்து, அன்றைக்கே விற்றேன். வெயிலில் கிடந்தால் சர்க்கரை குறைந்துகொண்டே போகும், நேற்று ஒடித்ததை இன்று யாருக்கும் கொடுக்கவில்லை. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். சின்னவள் வேகவைக்கக்கூட விடாமல் பச்சையாகவே கடித்துக்கொண்டு டிராக்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மே மாதம் அடுத்த உழவுக்கு வண்டியை எடுத்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, நான் இந்த வெள்ளிக்கிழமை ஊன்றலாம்னு இருக்கறேன். உங்களுது எந்தத் தேதியில நூல் விடும், பார்த்துச் சொல்லுங்க" என்றார். வண்டியை நிறுத்திவிட்டு, இருவருமாக வேலிக்கல் மேல் காலண்டரை விரித்து வைத்து எண்ணினோம்.